கோலார் தங்கவயல்: தங்கம் போச்சு, மண்மேடு நிக்குது



பூமிக்கடியில் தங்கம் இருக்கு, டங்ஸ்டன் இருக்கு, நிலக்கரி இருக்கு என்று சொல்லிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்குகிறவர்கள் எந்த ஊரிலும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். வீட்டுக்கு ஒரு வேலை. தார் ரோடு. ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடம். உங்க ஊரே டவுனாயிடும் என்பார்கள். சுரங்கம் எந்த வருஷம் திறக்கும் என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். எந்த வருஷம் மூடும், மூடின மறுநாள் அந்த ஊரில் யார் இருப்பார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். நாமும் கேட்பதில்லை. கல்யாணப் பேச்சில் சாவுப் பேச்சு எடுக்கக் கூடாது என்கிற மாதிரி சும்மா இருந்துவிடுகிறோம்.

அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் இதை எழுதுகிறோம். பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில், கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் இருக்கிறது தங்கவயல். கே.ஜி.எஃப். என்றால் இன்றைக்கு நம்ம பிள்ளைகளுக்கு சினிமாதான் ஞாபகம் வருகிறது. நாம் பேசுவது நிஜ ஊரைப் பற்றி.

கல்லும் முள்ளுமான மேட்டுக்காடு அது. அங்கே சனங்கள் மண்ணை அரித்துப் பொட்டுப் பொட்டாகத் தங்கம் எடுக்கிறார்கள் என்று 1802-ல் வாரன் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதி வைத்தான். 1870-களில் லவெல் என்ற அயர்லாந்துக்காரன் மைசூர் அரசிடம் அனுமதி வாங்கித் தோண்டிப் பார்த்தான். 1880-ல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அதற்கப்புறம்தான் அந்தக் காட்டில் ஊர் முளைத்தது. சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க்கம், மாரிக்குப்பம் என்று சுரங்கத்தின் பேரே ஊரின் பேர். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று துரைமார் பேரில் தெருக்கள். துரைமாருக்கு பங்களா, கிளப்பு, கோல்ஃப் மைதானம். 'குட்டி இங்கிலாந்து' என்றே அதற்குப் பட்டப்பேர்.

கூலிக்கு இறங்கினது யார்? பெரும்பாலும் வடார்க்காடு, சித்தூர், சேலம் பக்கத்து ஏழை சனம். தாழ்த்தப்பட்ட மக்கள்தான் அதிகம். இந்த இடத்தில் விவசாயிகள் சங்கமாகிய நாம் ஒரு உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஆசைப்பட்டுக் குழிக்குள் இறங்கவில்லை. நம்ம ஊர்களில் அவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. பண்ணையில் படியளந்த கூலி வயிற்றுக்குப் பத்தாது, மரியாதை அதைவிடப் பத்தாது. பஞ்சம் வந்தால் முதலில் பட்டினி கிடந்தது அவர்கள்தான். அவர்களுக்குக் குழிக்குள் இருந்த இருட்டு ஊருக்குள் இருந்த இருட்டைவிடப் பரவாயில்லை என்று பட்டது. வாரக்கூலி கையில் வந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் பார்த்தார்கள். சுரங்கம் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று நாம் எழுதினால் அது பொய். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 30,000 பேருக்கும் மேல் அங்கே வேலை செய்தார்கள்.

ஆனால் என்ன விலைக்கு என்று பார்க்க வேண்டும். நம்ம பக்கம் 1000 அடி போர் போட்டாலே ஊர் கூடி வேடிக்கை பார்க்கிறோம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம், அதாவது 10,000 அடிக்கும் மேலே. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மேலே இருக்கிற பாரம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். அதற்கு அங்கே 'ஏர் பிளாஸ்ட்' என்று பேர். கீழே பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் உருளும். பெண்கள் வாசலுக்கு ஓடி வந்து சுரங்கத்து வழியைப் பார்த்து நிற்பார்கள். பாறைத் தூசியை மூச்சில் இழுத்து நுரையீரல் கல்லாகிப் போகும் சிலிகோசிஸ் நோய், இந்தியாவில் முதலில் பதிவானதே இந்தத் தங்கவயலில்தான், 1934-ல். 1940-லிருந்து 1946 வரை 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பத்துக்கு நாலு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. பத்துக்கு நாலு! நம்ம ஊர் களத்தில் கதிரடிக்க நிற்கிற ஆட்களை எண்ணிக் கழித்துப் பாருங்கள்.

அவர்கள் வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. கைரேகை எடுத்துக் குற்றவாளி மாதிரிப் பதிவு செய்ய வந்தபோது 1930-ல் மூன்று வாரத்துக்கு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அந்த வரலாறு தனிப் புத்தகமாக எழுத வேண்டியது. நம்ம விஷயம் தண்ணீர், நிலம். அதற்கு வருவோம்.

சுரங்கம் என்பது வேலி போட்ட அந்த இடத்தோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. அதன் வேர் எங்கெல்லாம் போகும் என்பதற்குத் தங்கவயலே சாட்சி. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுபோனார்கள். ஆசியாவிலேயே அவ்வளவு தூரம் மின்சாரம் போனது அதுதான் முதல் தடவை. யாருக்குப் போச்சு? தங்கவயலுக்கு. பெங்களூர் நகரத்துக்கே மூணு வருஷம் கழித்துத்தான் விளக்கு வந்தது. நம்ம பம்புசெட்டுக்கு எப்போ வந்தது என்று உங்க தாத்தாவைத்தான் கேட்க வேண்டும்.

கோடையில் காவிரியில் தண்ணீர் குறைந்தால் மின்சாரம் குறையும், சுரங்கம் படுக்கும். வருஷம் பூரா சிவசமுத்திரத்துக்குத் தண்ணீர் குறையாமல் வர வேண்டும் என்பது கண்ணம்பாடி அணை கட்டினதற்கு ஒரு முக்கிய காரணம். பாசனம் மட்டும்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1911-ல் வேலை தொடங்கியது. மெட்ராஸ் அரசு ஆட்சேபித்தது, வழக்கு நடந்தது, 1924-ல் ஒப்பந்தம் ஆனது. அந்த ஒப்பந்தத்தின் வழக்கு வம்பு நூறு வருஷம் நம்மைத் துரத்தியது. எங்கோ காட்டில் பாறை உடைக்க இழுத்த கம்பி கடைசியில் தஞ்சாவூர்க்காரன் மடை வரைக்கும் வந்து நின்றது. இதை எத்தனை பேர் யோசித்திருப்போம்?

பாலாற்றுப் பக்கத்து விவசாயிகளுக்கு இன்னொன்று. தங்கவயலுக்குக் குடிக்கக் குளிக்கத் தண்ணீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரி எந்த ஆற்றின் மேல் இருக்கிறது? நம்ம பாலாற்றின் மேல். பாலாறு வறண்டதற்கு அது ஒன்றுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. மணல் கொள்ளை, தோல் கழிவு, மேலே கட்டின தடுப்புகள் என்று பட்டியல் நீளம். ஆனால் ஒரு சுரங்க ஊர் பிறந்தால் அது முதலில் தேடுவது ஆற்றைத்தான் என்பதை மறக்காதீர்கள். ஆறு ஒருத்தர் வீட்டுச் சொத்து இல்லை என்பதால் யாரும் பட்டாவோடு போய் மறிக்க முடியாது.

சரி, எடுத்த தங்கம் எவ்வளவு? 120 வருஷத்தில் சுமார் 800 டன். மைசூர் அரசுக்கு ராயல்டியாக வந்தது நூற்றுக்கு அஞ்சு. லாபம் லண்டன் பங்குதாரருக்கு. சுதந்திரம் வந்து ஒன்பது வருஷம் கழித்து, 1956-ல்தான் மைசூர் அரசு சுரங்கத்தைக் கையில் எடுத்தது. 1962-ல் மத்திய அரசுக்குப் போனது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று கம்பெனி ஆனது. அதற்குள் நல்ல சரக்கு தீர்ந்திருந்தது. ஆரம்பத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கொடுத்த இடம், கடைசிக் காலத்தில் மூணு நாலு கிராம் கொடுத்தது. நெய்யெல்லாம் வழித்துக் கொண்டு போனவன் ஒருத்தன், சட்டியைக் கழுவினவன் இன்னொருத்தன்.

மூணு கிராம் என்றால் என்ன அர்த்தம் என்று கணக்குப் போடுங்கள். ஒரு பவுன் எடுக்க மூணு டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகப் பாறை உடைக்க வேண்டும். மகளுக்கு அஞ்சு பவுனில் சங்கிலி செய்தால் 13 டன் பாறை, ஒரு டிப்பர் லோடு. அந்தப் பாறையைத் தோண்டி மேலே ஏற்றி, மாவு மாதிரி அரைத்து, சயனைடு கரைசலில் ஊற வைப்பார்கள். தங்கம் கரைசலில் இறங்கிவிடும். மிச்சம் இருக்கிற மாவு முழுக்க வெளியே கொட்ட வேண்டியது. தங்கம் பெட்டியில் ரயிலேறிப் போகும். மாவு எங்கே போகும்? எங்கேயும் போகாது.

அதுதான் இன்றைக்கும் தங்கவயலில் நிற்கிற 'சைனைட் மேடு'. மொத்தம் 13 மேடு, 1,000 ஏக்கருக்கு மேலே, 3 கோடியே 30 லட்சம் டன். ஒரு கிலோ தங்கம் போன இடத்தில் 41 டன் தூள். ரயிலில் வருகிறவனுக்குத் தூரத்திலிருந்து மலைத்தொடர் மாதிரித் தெரியும். காற்று மாசத்தில் வெள்ளைத் தூசி கிளம்பி சோற்றுப் பானை வரைக்கும் வரும். மழை மாசத்தில் மேட்டிலிருந்து வழிகிற தண்ணீர் ஓடையில் இறங்கும். ஓடைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? நம்ம மாதிரி விவசாயி இருக்கிறான். அவன் சுரங்கத்தில் ஒருநாள் கூலி வாங்கினவன் இல்லை. ஒரு குந்துமணித் தங்கம் பார்த்தவனும் இல்லை. பங்கு மட்டும் வீடு தேடி வருகிறது.

2001 பிப்ரவரி 28. அன்றைக்குச் சுரங்கத்தை மூடினார்கள். ஒரு டன்னுக்கு ஆகிற செலவுக்கு அதில் வருகிற தங்கம் கட்டாது என்று கணக்கு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்துக்கு அன்றோடு வேலை இல்லை. அப்பன், தாத்தா, பாட்டன் என்று மூணு நாலு தலைமுறை குழிக்குள் இறங்கின குடும்பங்கள். வேறு தொழில் தெரியாது. குடியிருந்த வீடு கம்பெனி வீடு. குடித்த தண்ணீர் கம்பெனித் தண்ணீர். படுத்த ஆஸ்பத்திரி கம்பெனி ஆஸ்பத்திரி. கம்பெனி போனதும் ஒன்றொன்றாக எல்லாம் போச்சு. பாக்கித் தொகைக்கும் வீட்டுக்கும் பல வருஷம் அலைந்தார்கள். பம்பை நிறுத்தினதும் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறி மூழ்கிப் போச்சு.

திரும்பி வர அவர்களுக்கு நிலமும் இல்லை. இதைத்தான் நாம் அழுத்திச் சொல்கிறோம். விவசாயி நஷ்டப்பட்டாலும் அடுத்த பட்டம் என்று ஒன்று இருக்கு. ஆடி போனால் தை. மழை பொய்த்தால் வரகு போடுவோம், அதுவும் இல்லையென்றால் தரிசாகப் போட்டு மாடு மேய்ப்போம். நிலம் அங்கேயே கிடக்கும். சுரங்கத்துக்கு அடுத்த பட்டம் கிடையாது. ஒரே வெள்ளாமை, அதோடு சரி.

இன்றைக்கு விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பம் ரயில்வே ஸ்டேஷனில் போய் நின்று பாருங்கள். டிபன் தூக்கோடு ஆயிரக்கணக்கில் ஆணும் பெண்ணும் பெங்களூர் ரயிலுக்கு நிற்பார்கள். செக்யூரிட்டி வேலை, கார்மென்ட்ஸ், கடை வேலை, கொத்து வேலை, வீட்டு வேலை. போக வர தினமும் 200 கிலோமீட்டர். ஒரு காலத்தில் தங்கத்தை ஏற்றிப்போக 1894-ல் போட்ட பாதை, இப்போது கூலியை ஏற்றிக்கொண்டு போகிறது.

இதைவிட வேடிக்கை, அந்த நிலம். கம்பெனி வசம் இருந்தது சுமார் 12,000 ஏக்கர். சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆகப் போகிறது. அதை ஏழைக்குப் பிரித்துக் கொடுப்போம் என்று யாரும் பேசவில்லை. தொழிற்பேட்டை வைப்போம் என்கிற பேச்சுதான் வருகிறது. 2024 ஜூனில் கர்நாடக அரசு அந்த 13 மேட்டையும் மறுபடி அரித்துத் தங்கம் எடுக்க மத்திய அரசுக்குச் சம்மதம் கொடுத்தது. டன்னுக்கு ஒரு கிராம் வருமாம். மேட்டைக் கரைத்தால் ஊருக்கு நல்லதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். வேலை கிடைக்கும் என்று அந்த ஊர் சனமும் எதிர்பார்க்கிறது, அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. ஆனால் ஒரு டன்னில் ஒரு கிராம் எடுத்த பிறகு மிச்சத்தை எங்கே கொட்டுவார்கள் என்ற கேள்வி 1880-லும் இருந்தது, 2024-லும் இருக்கிறது.

அதே கர்நாடகத்தில் இன்னொரு ஊர், குதிரேமுக். மேற்குத் தொடர்ச்சி மலைக்குள், மழைக்காட்டுக்கு நடுவே 1976-ல் இரும்புச் சுரங்கத்துக்காகக் கட்டின டவுன். சுரங்கச் சேறு பத்ரா ஆற்றில் இறங்குகிறது என்று சுற்றுச்சூழல்காரர்கள் வருஷக் கணக்கில் போராடினார்கள். உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. 2005 டிசம்பர் 31-ஓடு தோண்டுவது நின்றது. ஆறு பிழைத்தது. ஊரில் ஆள் இல்லாத வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சரக்கு தீர்ந்து மூடினாலும் சரி, கோர்ட்டு சொல்லி மூடினாலும் சரி, சுரங்கத்துக்காகவே பிறந்த ஊருக்கு வேறு பிழைப்பு இருப்பதில்லை.

இதெல்லாம் பழைய கதை, இப்போ சட்டம் இருக்கு என்பார்கள். இருக்கிறது. 2003-க்குப் பிறகு, சுரங்கம் தொடங்குகிறவன் அதை எப்படி மூடுவான் என்று திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு ஈடாகப் பணமும் காட்ட வேண்டும். தங்கவயல் மூடி இரண்டு வருஷம் கழித்துத்தான் இந்தப் புத்தி வந்தது. 2015-ல் மாவட்ட கனிம அறக்கட்டளை என்று வந்தது. சுரங்கக்காரன் ராயல்டிக்கு மேல் ஒரு பங்கை அந்த மாவட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். பழைய குத்தகைக்கு ராயல்டியில் 30 சதவீதம், ஏலத்தில் எடுக்கிற புதுக் குத்தகைக்கு 10 சதவீதம்தான். புதுசாக வருகிறவன் குறைவாகக் கொடுக்கிறான். ஏலத்தில் கூடுதல் பணம் கட்டுகிறானே என்று சமாதானம் சொல்கிறார்கள். அந்தப் பணம் நம்ம ஓடைக்கு வருமா?

பெரிய இடி 2025 செப்டம்பரில் வந்தது. முக்கியக் கனிமம், அணுக் கனிமம் என்று பட்டியலில் சேர்த்தவற்றைத் தோண்ட, சுற்றுச்சூழல் அனுமதிக்கு ஊர் மக்களிடம் கருத்துக் கேட்புக் கூட்டமே நடத்த வேண்டாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு கொடுத்துவிட்டது. பந்தல் போட்டு, மைக் வைத்து, கலெக்டர் முன்னால் நாலு வார்த்தை கத்தவாவது ஒரு இடம் இருந்தது. அந்தக் கனிமங்களுக்கு அதுவும் இல்லை.

ஆனாலும் ஊர் நினைத்தால் நிறுத்த முடியும். மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பரில் ஏலம் முடிந்த செய்தி வெளியானது. அரிட்டாபட்டியும் சுற்றுப்பட்டு ஊர்களும் கிளம்பின. கிராம சபையில் தீர்மானம், கடையடைப்பு, மதுரைக்கு நடைப்பயணம். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. டெல்டாவில் 2023-ல் மூணு நிலக்கரி வட்டாரங்களை ஏலப் பட்டியலில் வைத்ததும், எதிர்ப்பு வந்ததும், எடுத்ததும் நமக்குத் தெரியும். நெய்வேலிப் பக்கத்து விவசாயிகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லை, அவர்கள்தான் நமக்குச் சொல்ல வேண்டும்.

அரிட்டாபட்டிக்காரர்கள் ஜெயித்தது குழி விழுவதற்கு முன்னால் எழுந்ததால். தங்கவயலில் கேள்வி கேட்கிறவன் கேட்க ஆரம்பித்தபோது மேடு மலையாகிவிட்டது. மேடு வருவதற்கு முன்னால் இந்தக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டால், எழுதி வைத்த காகிதம் கையில் இருக்கிறவனுக்குத்தான் கோர்ட்டில் பேச்சு.

ஆகவே நம்ம சங்கம் ஒவ்வொரு கிராமத்திலும் கேட்டுக்கொள்வது இதுதான். சர்வேக் கல் நடவோ, போர் போட்டு மண் எடுக்கவோ யார் வந்தாலும் வெறும் வாய்ப்பேச்சுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ரேகையும் வைக்காதீர்கள். மூடும் திட்டத்தைத் தமிழில் எழுதி, கிராம சபையில் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கழிவு எந்த சர்வே எண்ணில் கொட்டப்படும், எத்தனை அடி உயரத்துக்கு, ஓடை எந்தப் பக்கம் திரும்பும், தண்ணீர் எந்த ஏரியிலிருந்து எடுப்பீர்கள் என்று கேளுங்கள். நிலம் இல்லாத கூலிக் குடும்பங்களையும் கூட அழைத்து உட்கார வையுங்கள். பட்டாதாரர் மட்டும் கூடிப் பேசினால், பாதி ஊரை எதிராளி வேலை தருகிறேன் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். தங்கவயலுக்குப் போன சனத்தை நாம் அப்படித்தான் அனுப்பி வைத்தோம்.

வருகிற கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வாருங்கள். பட்டா, அடங்கல் நகல் கையில் இருக்கட்டும். கிணறு, போர் ஆழம் எத்தனை அடி, இந்த மாசம் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொண்டு வாருங்கள். ஒரு பாட்டிலில் தண்ணீரும் பிடித்து வாருங்கள், பரிசோதனைக்கு அனுப்பும் செலவை சங்கம் பார்த்துக்கொள்ளும்.